பாதி சிப்ஸ் என்றால் பாதிப் பணம் இல்லை

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்த நாட்களில் சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் பத்துப் பேர் கூடிப் போக்கர் ஆடுவோம். தலைக்கு 20 டாலர், ஆளுக்கு 1,500 சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைத்து ஆடும் வில்லைகள். சிப்ஸ் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும், கடைசி வரை நிற்பவருக்கு 100 டாலர், இரண்டாமவருக்கு 60, மூன்றாமவருக்கு 40. ஒரு ராத்திரி மணி இரண்டரை தாண்டிவிட்டது, மூன்று பேர் மிச்சம். எங்களில் மூத்தவரான ஒரு அண்ணனிடம் 7,500, வீட்டுக்கார நண்பரிடம் 4,500, என்னிடம் 3,000. எல்லோருக்கும் தூக்கம். "சிப்ஸ் கணக்குக்கு மீதிப் பணத்தைப் பிரிச்சுக்கலாம்டா, அதுதான் நியாயம்" என்றார் வீட்டுக்காரர். 15,000-ல் 7,500 பாதி, அதனால் அண்ணனுக்கு 100. 4,500 முப்பது சதவீதம், அவருக்கு 60. எனக்கு இருபது சதவீதம், 40 டாலர். சரி என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. 100, 60, 40. இது முதல், இரண்டாம், மூன்றாம் பரிசேதான்! நாங்கள் எதையும் பிரிக்கவே இல்லை, அந்த நிமிஷத்தோடு ஆட்டம் முடிந்ததாக அறிவித்திருக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த கையிலேயே (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) நான் எல்லாவற்றையும் தோற்றிருந்தாலும் எனக்கு அதே 40 டாலர் வந்திருக்கும். அப்படியென்றால் என்னிடம் இருந்த 3,000 சிப்ஸுக்கு, அதை வைத்து மேலே போக எனக்கிருந்த வாய்ப்புக்கு, நான் போட்ட விலை பூஜ்யம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று பேருமே அது நியாயம் என்று மனசார நம்பினோம், அதனால்தான் அது என்னை விடவில்லை. சிப்ஸின் அளவுக்கும் ஜெயிக்கிற வாய்ப்புக்கும் என்ன உறவு, அந்த வாய்ப்புக்கும் பணத்துக்கும் என்ன உறவு, இரண்டும் ஒன்றுதானா என்று அதற்கப்புறம் பல வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டும் ஒன்றில்லை. போக்கர் டோர்னமெண்ட் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பணத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதலிடம் பிடிக்கிற வாய்ப்பை மட்டும் பார்ப்போம். மேஜையில் எல்லோருக்கும் ஒரே திறமை என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சிப்ஸில் உங்கள் பங்கு எவ்வளவோ அதுவேதான் நீங்கள் ஜெயிக்கிற வாய்ப்பு. ஐந்தில் ஒரு பங்கு சிப்ஸ், ஐந்தில் ஒரு வாய்ப்பு. இதற்கு ஒரு நிரூபணம் இருக்கிறது, அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. சமமான திறமை என்றால், ஒவ்வொரு கையிலும் சராசரியாக உங்கள் சிப்ஸ் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஒரு கையில் 600 வரும், இன்னொரு கையில் 600 போகும், சராசரி அப்படியே 3,000-ல் நிற்கும். ஆனால் ஆட்டம் முடியும்போது இரண்டே நிலைதான் உண்டு: 15,000-மும் உங்களிடம், அல்லது ஒன்றுமே இல்லை. அந்த முடிவின் சராசரியும் 3,000-ஆக இருந்தாக வேண்டும். 15,000-ஐ எதால் பெருக்கினால் 3,000 வரும்? ஐந்தில் ஒன்றால். நடுவில் யார் எத்தனை கை ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்பது எதுவும் தேவையில்லை.

இது போக்கரை விட மூத்த கணக்கு. 1656-ல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இதை இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவிடம் ஒரு புதிராகப் போட்டார், அடுத்த வருஷமே டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் தன் சூதாட்டக் கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டார். சூதாடியின் அழிவு என்று இதற்குப் பெயரே உண்டு. ஏன் அழிவு? எதிரில் இருப்பவரிடம் தீராத பணம் இருந்தால், மொத்தத்தில் உங்கள் பங்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ஆட்டம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கடைசியில் நீங்கள்தான் காலி. கையிலிருக்கும் சம்பளத்தை எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனியின் கஜானாவுக்கு எதிரில் உட்காருவதற்கும் பத்து நண்பர்கள் ஆளுக்கு 20 டாலர் போட்டு ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், இதைத் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் ஆன்லைன் சூதாட்டத்தில் பட்டுத் தெரிந்துகொண்டன. டோர்னமெண்டில் சிப்ஸ் எண்ணிக்கை ஒரு எல்லைக்குள் இருக்கிறது. யார் வெளியேறினாலும் அவருடைய சிப்ஸ் மேஜையை விட்டுப் போவதில்லை, கை மாறுகிறது.

இந்தக் கணக்கை எதில் சோதித்துப் பார்ப்பது என்று யோசித்தபோது எல்லோருக்கும் வருவது போல எனக்கும் முதலில் ஜாக் ஸ்ட்ராஸ் நினைவுதான் வந்தது. 1982, லாஸ் வேகஸ், உலகப் போக்கர் தொடரின் முதன்மை ஆட்டம். 104 பேர், தலைக்கு 10,000 டாலர், 10,000 சிப்ஸ். ஸ்ட்ராஸ் ஒரு கையில் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளித் தோற்று எழுந்துவிட்டார், அப்புறம் பார்த்தால் அவர் இடத்தில் ஒரு துடைப்புத் தாளுக்கடியில் ஒரேயொரு 500 சிப் கிடந்தது என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் கதை. "ஆல்-இன்", அதாவது இருப்பதெல்லாம் பந்தயம், என்று வாயால் சொல்லவில்லை என்பதால் தொடர்ந்து ஆட விட்டார்களாம். அந்த ஒரு சிப்பிலிருந்து மேலே வந்து பட்டத்தை ஜெயித்து 5,20,000 டாலர் வாங்கினார். "ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்" என்று போக்கர்காரர்கள் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வது இவரை வைத்துத்தான்.

இப்போது நம் கணக்கைப் போடுங்கள். மொத்தச் சிப்ஸ் 10,40,000, அவரிடம் 500. 2,080-ல் ஒன்று. வேறு வழியிலும் பார்க்கலாம்: 500-ஐத் தொடர்ந்து இரட்டித்துக்கொண்டே போனால் பதினோராவது முறையில் 10,24,000. பூவா தலையா பதினொரு முறை விடாமல் ஜெயிக்க 2,048-ல் ஒரு வாய்ப்பு. பங்குக் கணக்கும் இரட்டிப்புக் கணக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். ஸ்ட்ராஸ் பெரிய ஆட்டக்காரர், அதனால் அவருடைய உண்மையான வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். ஆனாலும் அது ஆயிரத்தில் ஒன்று வகைச் சங்கதிதான். ஒரு சிப்போடு மாண்டுபோன ஆயிரக்கணக்கானவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை.

ஒரு கதையை வைத்து ஒரு விதியைச் சோதிக்க முடியாது. அதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சரக்கு 2008 முதல் 2016 வரையிலான ஒன்பது வருஷங்கள். அந்த வருஷங்களில் இதே முதன்மை ஆட்டத்தில் ஜூலையில் ஒன்பது பேர் மிஞ்சியதும் நிறுத்திவிட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து, பெரும்பாலும் நவம்பரில், இறுதி மேஜையைத் தொடர்ந்தார்கள். யார் கையில் எத்தனை சிப்ஸ் என்று உலகத்துக்கே மாதக்கணக்கில் தெரியும். ஆரம்பித்த ஆள் எண்ணிக்கையையும் ஆரம்பச் சிப்ஸையும் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். ஆக ஒவ்வொரு வருஷமும் முதலில் நின்றவரின் பங்கைத் துல்லியமாகப் போடலாம்.

போட்டேன். 2008-ல் டென்னிஸ் பிலிப்ஸ், 19 சதவீதம், மூன்றாவதாக முடித்தார். 2009-ல் டார்வின் மூன், மேரிலாந்தில் மரம் வெட்டும் தொழில் செய்தவர், 19.48 கோடி சிப்ஸில் 5.89 கோடி அவரிடம், 30 சதவீதம். இரண்டாவதாக முடித்தார். 2010-ல் ஜொனாதன் டுஹாமெல், அவருக்கும் சரியாக 30 சதவீதம், ஜெயித்தார். 2011-ல் மார்ட்டின் ஸ்டாஸ்கோவும் 2012-ல் ஜெஸ்ஸி சில்வியாவும் இரண்டாவது. 2013-ல் ஜே.சி. டிரான் ஐந்தாவது. 2014-ல் யோரிட் வான் ஹூஃப் மூன்றாவது. 2015-ல் ஜோ மெக்கீஹன், 33 சதவீதம், ஜெயித்தார். 2016-ல் கிளிஃப் ஜோசஃபி மூன்றாவது.

ஒன்பது முறையில் இரண்டு முறைதான் முன்னணிக்காரர் ஜெயித்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு "பெரிய ஸ்டாக் இருந்து என்ன பிரயோஜனம், எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும் (ஸ்டாக் என்பது ஒருவர் முன்னால் இருக்கும் சிப்ஸ் குவியல்). ஆனால் அந்த ஒன்பது பேரின் பங்கையும் கூட்டிப் பாருங்கள், சுமார் 215 சதவீதம் வருகிறது. அதாவது பங்குக் கணக்கு எதிர்பார்த்த வெற்றி 2.15. நடந்தது 2. பாஸ்கல் காலத்துக் கணக்கு லாஸ் வேகஸில் இவ்வளவு பக்கத்தில் வந்து உட்காரும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது என்பது சின்ன எண்ணிக்கை, நாலு முறை ஜெயித்திருந்தாலும் கணக்கு தப்பு என்று சொல்லிவிட முடியாது, அது தெரிந்துதான் சொல்கிறேன். ஆனாலும் இன்னொன்றைக் கவனியுங்கள்: அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட ஐந்தாவது இடத்துக்குக் கீழே போகவில்லை. பெரிய ஸ்டாக் பட்டத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் சீக்கிரம் வெளியே போகாமல் காப்பாற்றுகிறது. ஒரு கை தோற்றாலும் எழுந்துபோக வேண்டியதில்லை, அதுதான் காரணம்.

மறுபக்கத்தையும் பார்க்கணும். 2009-ல் மூனை வென்றவர் ஜோ காடா, 21 வயசுப் பையன். இறுதி மேஜைக்கு வரும்போது அவரிடம் இருந்தது ஏழு சதவீதத்துக்கும் குறைவு, நடுவில் அதுவும் கரைந்து ஒரு சதவீதத்தைச் சுற்றி வந்துவிட்டது. அங்கிருந்து, ஒரு ஜோடி மூன்றை வைத்துக்கொண்டு எதிராளியின் ஒரு ஜோடி ஜாக்கியை வென்றார், ஒரு ஜோடி இரண்டை வைத்துக்கொண்டு ஒரு ஜோடி ராணியை வென்றார். ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு முறை நடக்கிற விஷயம். 2014-ல் ஸ்வீடன்காரர் மார்ட்டின் ஜேக்கப்ஸன் ஒன்பது பேரில் எட்டாவதாக, 7.4 சதவீதத்தோடு வந்து ஒரு கோடி டாலர் ஜெயித்தார். ஏழு சதவீதம் என்பது பதினாலு முறைக்கு ஒரு முறை நடப்பது. அபூர்வம், ஆனால் அதிசயம் இல்லை.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். என் மனசை அரித்தது இந்தப் பகுதிதான்.

முதலிடத்துக்கு மட்டும் பரிசு என்றால் கதை இங்கேயே முடிந்தது, சிப்ஸ் பங்கும் பணப் பங்கும் ஒன்றுதான். ஆனால் டோர்னமெண்டில் இரண்டாவது, மூன்றாவது, நூறாவது இடத்துக்குக்கூடப் பணம் இருக்கிறது. அதனால் எந்த இடம் எவ்வளவு வாய்ப்பு என்று தனித்தனியாகப் பார்க்கணும். ஹார்வில் என்பவர் 1973-ல் குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட ஒரு வழி இதற்கு உதவுகிறது, அதை 1980-களில் போக்கர் எழுத்தாளர் மேசன் மால்மத் போக்கருக்குக் கொண்டுவந்தார், இன்றைக்கு ஐ.சி.எம். (இன்டிபெண்டன்ட் சிப் மாடல்) என்ற பெயரில் எல்லோரும் பயன்படுத்துவது அதைத்தான். வழி எளிமை: முதலிடம் சிப்ஸ் பங்குப்படி. ஒருவர் முதலிடம் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு அவருடைய சிப்ஸை ஒதுக்கிவிடு, மிச்சப் பேருக்குள் அதே பங்குப்படி இரண்டாமிடம். அப்படியே கீழே.

அந்த ராத்திரிக்குப் போடுகிறேன். எனக்கு முதலிட வாய்ப்பு 20 சதவீதம். இரண்டாமிடம்: அண்ணன் முதலில் வந்தால், மிச்சம் 7,500-ல் என்னுடையது 3,000, அந்த வழியில் 20 சதவீதம், வீட்டுக்காரர் முதலில் வந்தால் 10,500-ல் 3,000, அந்த வழியில் எட்டரை. ஆக இரண்டாமிடம் சுமார் 28.5, மூன்றாமிடம் 51.5. இதைப் பரிசோடு பெருக்கிக் கூட்டினால் என் இருக்கையின் மதிப்பு 57.70 டாலர். வீட்டுக்காரருக்கு 65.50. பாதிச் சிப்ஸ் வைத்திருந்த அண்ணனுக்கு 76.80. அவர் 100 வாங்கிக்கொண்டு போனார், நான் 40 வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாதிச் சிப்ஸ் வைத்திருப்பவருக்கு 38 சதவீதப் பணம், ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு 29 சதவீதம். ஏன் இப்படி வளைகிறது? அண்ணன் எல்லாச் சிப்ஸையும் ஜெயித்தாலும் 100 டாலருக்கு மேல் ஒரு காசு கிடையாது. எனக்கோ என்ன ஆனாலும் 40 டாலர் உண்டு. மேலே கூரை, கீழே தரை. அதனால் கையில் சேருகிற ஒவ்வொரு புது சிப்பும் அதற்கு முந்தையதைவிடக் கொஞ்சம் குறைந்த விலைக்குப் போகிறது. உங்களிடம் இருக்கும் கடைசிச் சிப்புக்குத்தான் விலை அதிகம், ஏனென்றால் அதுதான் உங்களை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. "ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும்" என்பதில் ஜெயிக்கிற வாய்ப்பைப் பற்றி ஒரு உண்மையும் இல்லை, பணத்தைப் பற்றி நிறைய உண்மை இருக்கிறது.

இது பிரித்துக்கொள்ளும்போது மட்டும் வருகிற பிரச்சினை என்று நினைத்திருந்தேன். இல்லை, ஆடுகிற ஆட்டத்தையே மாற்றுகிறது. வேறொரு வாரம், நான்கு பேர் மிச்சம், எல்லோரிடமும் ஏறத்தாழ 3,750. நாலாவதாகப் போகிறவருக்கு ஒன்றும் இல்லை. என் கையில் இரண்டு ராணி. எதிரில் இருந்தவர் எல்லாச் சிப்ஸையும் தள்ளினார், நானும் தள்ளினேன். அவரிடம் ஏஸும் ராஜாவும். நூறுக்கு 57 முறை நான் ஜெயிக்கிற கை, அன்றைக்கு மேஜையில் ஒரு ராஜா விழுந்தது. "நீ முன்னாடிதான் இருந்தே, அதிர்ஷ்டம் இல்ல" என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள்.

கணக்கு வேறு சொல்கிறது. நான்கு பேரும் சமம் என்பதால் ஒவ்வொரு இருக்கையின் மதிப்பும் 50 டாலர். நான் ஜெயித்து என் சிப்ஸ் இரட்டித்திருந்தால் என் மதிப்பு 100 டாலர் ஆகாது, அதே ஐ.சி.எம். கணக்கில் 76.67 தான். தோற்றால் பூஜ்யம். 76.67-க்காக 50-ஐப் பணயம் வைக்க எனக்கு 65 சதவீத வாய்ப்பு வேண்டும், ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாக முன்கூட்டியே வைக்கும் சின்ன, பெரிய பிளைண்ட் பணம் மேஜையில் ஏற்கெனவே கிடக்கும், அதைச் சேர்த்துக்கொண்டாலும் அது 60-க்குக் கீழே வராது. என்னிடம் இருந்தது 57. அதாவது அவர் தன் இரண்டு சீட்டையும் திருப்பிக் காட்டிவிட்டுத் தள்ளியிருந்தால்கூட, என் இரண்டு ராணியை மடித்து வைத்துவிட்டு அந்தக் கையிலிருந்து விலகியிருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. விடுபட்ட அந்தப் பணம் எங்கே போகிறது தெரியுமா? நாங்கள் இருவரும் மோதும்போது சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவருக்கும். ஆளுக்கு 11.67 டாலர், ஒரு சீட்டைக்கூடத் தொடாமல். நான்காம் ஆள் வெளியேறியதே அவர்களுக்கு லாபம்.

பெரிய ஸ்டாக்கின் நிஜமான பலம் இங்கேதான் வருகிறது. பரிசுக்கு ஓரிரு இடம் முன்னால் எல்லோரும் வெளியேறிவிடக் கூடாது என்று பயந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், எல்லோரையும்விட அதிகச் சிப்ஸ் வைத்திருப்பவர் யாரை எதிர்த்துத் தள்ளினாலும் தோற்றால் எழுந்து போகப்போவது எதிராளிதான், அவர் இல்லை. எதிராளிக்கு 65 சதவீதம் தேவைப்படுகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் சாதாரணச் சீட்டை வைத்துக்கொண்டே பிளைண்டுகளை ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போகலாம், மற்றவர்கள் நல்ல சீட்டையும் மடிப்பார்கள், மடிப்பதுதான் அவர்களுக்குச் சரியும்கூட. எதிர்காலத்தில் இப்படிக் கிடைக்கப்போகும் லாபத்தை ஐ.சி.எம். கணக்கில் எடுப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் தெளிவாக ஆடத் தெரிந்த முன்னணிக்காரரின் மதிப்பை அது கொஞ்சம் குறைத்தே சொல்கிறது. இதே காரணத்தால்தான் நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர்களின் நிலைமை ரொம்பச் சங்கடம். அவர்களைவிடச் சின்னவர் ஒருவர் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருக்கும்போது, பெரியவரோடு மோதிப் போவது இரட்டை நஷ்டம்.

திறமை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சிப்ஸ் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் அது தெரியாது, பிளைண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். உலகத் தொடரின் முதன்மை ஆட்டத்தில் இப்போது 60,000 சிப்ஸோடு ஆரம்பிக்கிறார்கள், பிளைண்ட் 100-ம் 200-ம். 300 பெரிய பிளைண்ட் ஆழம். அவ்வளவு ஆழத்தில் ஒரு கையின் நாலு பந்தயக் கட்டத்திலும் யோசிக்கலாம், ஏமாற்றலாம், தப்பிக்கலாம், நல்ல ஆட்டக்காரர் தன் பங்கைவிட நிறைய அதிக வாய்ப்போடு உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டு ஆட்டத்தில் அந்த இரண்டரை மணிக்கு பிளைண்ட் 300-ம் 600-ம். மேஜையில் இருந்த மொத்தமே 25 பெரிய பிளைண்ட், என்னிடம் ஐந்து. ஒரு சுற்றுக்கு 900 போகும், ஆக மூன்று சுற்றுக் கொஞ்சம் தாங்கலாம். பால் மேக்ரியல் கண்டுபிடித்து, 1995-ன் பட்டக்காரர் டான் ஹாரிங்டன் பரப்பிய எம் என்ற அளவு இதுதான், சும்மா உட்கார்ந்திருந்தால் எத்தனை சுற்று உயிரோடு இருப்பாய் என்பது. அந்த நிலையில் தள்ளு அல்லது மடி, வேறு வித்தை கிடையாது. உலகச் சாம்பியன் என் நாற்காலியில் இருந்திருந்தாலும் ஐந்தில் ஒன்றை விட ரொம்ப மேலே போயிருக்க மாட்டார், ரொம்பக் கீழேயும் போயிருக்க மாட்டார். அதனால்தான் அன்றைக்குப் பங்குக் கணக்கு அவ்வளவு பொருத்தம், 57.70 என்பது அவ்வளவு நேர்மையான எண்.

அடுத்த சனிக்கிழமை பீட்ஸா அட்டையின் பின்பக்கத்தில் மூன்று எண்ணையும் எழுதி அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ அன்னிக்கு நான் ஜெயிக்காமலே முதல் பரிசை வாங்கிட்டேன்" என்றார். பர்ஸை எடுத்தார், வேண்டாம் என்றேன். மூன்று பேரும் ஒத்துக்கொண்டு முடித்த விஷயம் அது. அன்றிலிருந்து எங்கள் மேஜையில் ஒரு வழக்கம், பிரிப்பதென்றால் கணக்குப் போட்டுத்தான் பிரிப்பது, யாராவது ஒருவருக்கு இஷ்டமில்லை என்றாலும் ஆடுவது. நான் எடிசனை விட்டு வருவதற்கு முந்தின மாதமும் அப்படி மூன்று பேர் மிஞ்சினோம். இந்த முறை சின்ன ஸ்டாக் அண்ணனிடம். போனில் கணக்கைப் போட்டு நீட்டினேன், 54 டாலர் வந்தது. பார்த்தார், மணியைப் பார்த்தார், "வேணாம், ஆடலாம்" என்று சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.